மறு: ‘பைரோகிளாஸ்டிக் ஃப்ளோ’வுக்குத் தமிழ்: ‘வெந்தூள் பாய்ச்சல்’ எனலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

எரிமலை வெடிக்கும்போது சூடான பாறைத்தூளும் வாயுவும் கலந்து சரிவில் பாய்ந்து வருவதை ஆங்கிலத்தில் ‘பைரோகிளாஸ்டிக் ஃப்ளோ’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் ஒன்றாக எடுத்து வைத்துப் படித்தேன். தீக்குழம்பு ஓட்டம், எரிசாம்பல் ஓட்டம், வெம்முகில், அனற்றுகள் பாய்வு; அப்புறம், ஆங்கிலச் சொல்லையே விட்டுவிடலாம் என்ற கருத்து. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஆண்டு 5, ஆண்டு 6 பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்கான எரிமலைக் கையேடு அச்சுக்குத் தயாராகிவிட்டது. இந்த ஒரு சொல்லுக்கு மட்டும்தான் இடம் காலியாக இருக்கிறது. என் முன்மொழிவு ‘வெந்தூள் பாய்ச்சல்’. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> “தீக்குழம்பு ஓட்டம் என்றால் எல்லாருக்கும் புரியும். எரிமலை என்றால் குழம்புதானே.”

மதுரை ஐயா, புரியும்தான். ஆனால் வேறொன்று புரிந்துவிடும். குழம்பு என்றதும் மனத்தில் வருவது லாவா. ஹவாய்த் தீவின் கிலாவெயாவில் வழிகிறதே, அது. 1,100 டிகிரிக்கு மேல் கொதித்தாலும் பெரும்பாலும் ஆள் நடந்தே விலகிப் போய்விடுகிற வேகத்தில்தான் அது வரும். வீடு போகும், சாலை போகும், தோட்டம் போகும், உயிர் பெரும்பாலும் தப்பிவிடும். நாம் பெயர் தேடுவதோ யாரும் ஓடித் தப்ப முடியாத ஒன்றுக்கு. உடைந்த பாறைத் துண்டுகளும் பொடியும் கொதிக்கும் வாயுவும் ஒன்றாகக் கலந்து, மலைச் சரிவில் தரையை ஒட்டி மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் இறங்கி வருவது. அதன் சூடு 200 முதல் 700 டிகிரி வரை இருக்கும். 1902 மே 8 அன்று கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவில் மோன் பெலே எரிமலை வெடித்தபோது செயின்ட் பியேர் என்ற துறைமுக நகரம் முழுவதும் சில நிமிடங்களில் அழிந்தது. இறந்தவர்கள் சுமார் 28,000 பேர். அந்த நகரத்துக்குள் லாவா வரவே இல்லை.

1883-இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது இந்தப் பெருக்கின் ஒரு பகுதி கடலின் மேலேயே சுமார் 40 கிலோமீட்டர் ஓடிச் சுமத்ராவின் தென்கரையில் இருந்தவர்களைச் சுட்டது. குழம்பாக இருந்தால் கடலில் இறங்கிய கணமே உறைந்து கல்லாகியிருக்கும். பொடியும் வாயுவும் என்பதால்தான் கடலைக் கடந்தது. ஆகவே ‘குழம்பு’ என்ற சொல் இந்தப் பெயருக்குள் வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பேச்சுவழக்கில் லாவாவைத் தீக்குழம்பு, பாறைக்குழம்பு என்று சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்தச் சொல் அங்கேயே இருக்கட்டும்.

குழம்பு எங்கே பொடியாகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்க முடியாது. எரிமலை வகைகளை நாங்கள் வரிசைப்படுத்தியிருப்பதும் அந்த வழியில்தான். உருவத்தை வைத்து ‘இது கூம்பு, இது தட்டை’ என்று மனப்பாடம் செய்ய வைப்பதில்லை. மலைக்கு உள்ளே உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பான மேக்மா எவ்வளவு கெட்டி, அதில் எவ்வளவு வாயு அடைபட்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்குகிறோம்.

மேக்மாவில் சிலிக்கா (மணலில் பெரும்பாலும் இருக்கும் பொருள்) பாதியளவு இருந்தால் அது பசால்ட். இளகலாக இருக்கும். சிலிக்கா 60 விழுக்காட்டை நெருங்கினால் ஆண்டசைட், 70-ஐத் தாண்டினால் ரயோலைட். சிலிக்கா ஏற ஏறக் குழம்பு இறுகிக்கொண்டே போகும். ஆழத்தில் இருக்கும்வரை நீராவியும் கரியமில வாயுவும் அழுத்தத்தால் அதற்குள் கரைந்தே கிடக்கும். மேலே வர வர அழுத்தம் குறைந்து குமிழியாகும். வெறும் தண்ணீர் கொதிக்கும்போது குமிழி வந்து வந்து அமைதியாக உடையும். கேழ்வரகுக் கூழ் கொதிக்கும்போது அடுப்பருகே நிற்க முடியாது, கையில் தெறிக்கும். மேக்மாவிலும் அதே கதைதான். இளகிய பசால்ட்டிலிருந்து வாயு எளிதாக வெளியேறிவிடுகிறது. இறுகிய மேக்மாவில் குமிழிகள் வெளியேற வழியில்லாமல் வீங்கி வீங்கி, ஒரு கட்டத்தில் குழம்பையே கிழித்துத் தூளாக்கிவிடுகின்றன. அந்த நொடிக்குப் பிறகு வெளியே வருவது திரவம் இல்லை. சூடான தூளைச் சுமந்த வாயு.

இது புரிந்துவிட்டால் மலைகளின் உருவம் தானாகவே புரியும். ஹவாயின் மௌனா லோவா கடல்மட்டத்துக்கு மேல் 4,169 மீட்டர். ஆனால் அதன் சரிவு சில டிகிரிதான், ஏனென்றால் இளகிய லாவா வெகுதூரம் ஓடி மெல்லிய படலமாகப் படிந்து படிந்து உயர்ந்தது அது. இந்த வகைக்குக் கேடய எரிமலை என்ற பெயர் ஓரளவு நிலைத்துவிட்டது, மாற்றச் சொல்ல மாட்டேன். நம் பிள்ளைகளுக்குக் கேடயம் என்றால் பள்ளிப் பரிசளிப்பில் மேடையில் நிமிர்ந்து நிற்கும் பொருள் என்பதால், தரையில் கவிழ்த்து வைத்த போர்க்கேடயத்தின் படத்தைப் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம். சுமத்ராவிலும் ஜாவாவிலும் இருப்பவை பெரும்பாலும் அடுக்கு எரிமலைகள். பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாக இருக்கிறது; இந்தியப் பெருங்கடலின் தட்டு அங்கே நாம் இருக்கும் சுந்தாத் தட்டுக்குக் கீழே செருகிக்கொண்டு போகிறது. அது கொண்டுபோகும் நீர் மேலேயுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகியது மேலேறும் வழியில் இறுகுகிறது. ஒருமுறை லாவா, ஒருமுறை தூள், மறுபடி லாவா என்று மாறி மாறிப் படிந்து செங்குத்தான மலையாகிறது. மெராப்பி, செமேரு, சினாபுங் எல்லாம் இந்த வகை. நம் தீபகற்பம் அந்தத் தட்டின் விளிம்பில் இல்லாமல் உள்ளே தள்ளி இருப்பதால் நமக்கு அந்த மலைகள் இல்லை.

இன்னொரு வகை, தெறித்து விழும் சிட்டக்கற்கள் வாயைச் சுற்றிக் குவிந்து உண்டாகும் சிட்டக்கூம்பு. அதற்கு மெக்சிகோவின் பரிக்குத்தின் போதும். 1943 பிப்ரவரி 20 அன்று ஒரு சோளக்காட்டில் தரை பிளந்து தொடங்கியது, 1952-இல் நின்றபோது 424 மீட்டர் உயரக் குன்று.

> “இந்தோனேசியாவில் ‘அவான் பானாஸ்’, அதாவது சூடான மேகம் என்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மலாய் தெரியும். வெம்முகில் என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.”

ஈப்போ ஐயாவின் இந்த வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சொல்லும் அழகு. பிரெஞ்சுக்காரர் அல்ஃப்ரெட் லக்ரோவா மோன் பெலேயை ஆராய்ந்து ‘நுவே ஆர்தாந்த்’ என்று எழுதியபோது அவரும் கனலும் மேகம் என்றுதான் சொன்னார். ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. முகில் மேலே போவது. முகிலைப் பார்க்க அண்ணாந்துதான் பார்ப்போம். இந்தப் பெருக்கில் பார்வைக்குப் படுவது மேலே சுருண்டு எழும் புகைமூட்டம் போன்ற பகுதி. ஊரை அழிக்கும் கனமான பகுதி பெரும்பாலும் அதற்கு அடியில், பள்ளத்தாக்கையும் ஆற்றுப்படுகையையும் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. மெராப்பிச் சரிவில் ஆற்றோரக் கிராமங்களை முதலில் காலி செய்யச் சொல்வது அதனால்தான். 2010-இல் அங்கே 350-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையின் காவலராக மக்கள் மதித்த முதியவர் மாரிஜானும் அவர்களில் ஒருவர். ஜாவா கிராமத்தார் இதைப் பேச்சில் ‘வெடுஸ் கெம்பெல்’, அதாவது சடைபிடித்த கம்பளி ஆடு என்கிறார்கள். முகிலாகப் பார்க்காமல் சரிவில் இறங்கி வரும் மிருகமாக அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த மலையடியிலேயே வாழ்கிறவர்களின் கண்ணுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

ஐயா, உங்கள் வெம்முகில் வீணாகாது. பாய்ச்சலுக்கு மேலே பொங்கி எழும் மேகத்துக்கு அந்தச் சொல்லையே கையேட்டில் வைத்திருக்கிறேன்.

> “எரிசாம்பல் ஓட்டம் போதாதா? சாம்பல் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதுகிறதே.”

எழுதுகிறது, உண்மைதான். ஆனால் சாம்பல் என்றால் எரிந்து மிஞ்சியது. விறகு எரிந்தால் சாம்பல், நீறுபூத்த நெருப்பு என்கிறோமே அந்த நீறு. எரிமலையில் எதுவும் எரிந்து சாம்பலாவதில்லை. உடைந்து தூளாகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் கூரான கண்ணாடிச் சில்லும் தாதுப் பொடியும்தான் தெரியும். தண்ணீரில் கரையாது. கூரையில் நனைந்தால் கூரையையே இறக்கும் கனம்.

இதற்கு நம் ஊரிலிருந்தே சான்று இருக்கிறது. 1982 ஜூன் 24 அன்று கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் ஜாவாவுக்குத் தெற்கே இரவில் கலுங்குங் எரிமலையின் தூள்மேகத்துக்குள் புகுந்தது. வானிலை ராடாரில் எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் அது ஈரத்தைத்தான் காட்டும். இந்தத் தூள் உலர்ந்தது. என்ஜினுக்குள் போன தூள் அந்தச் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொண்டது. நான்கு என்ஜின்களும் அணைந்துவிட்டன. விமானம் சறுக்கிக்கொண்டே இறங்கித் தூள்மேகத்தைவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவை மறுபடி உயிர்பெற்றன. முன்கண்ணாடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் மங்கிப்போன நிலையில் ஜகார்த்தாவில் இறக்கினார்கள். எல்லாரும் பிழைத்தார்கள். அடுப்புச் சாம்பல் இந்த வேலையைச் செய்யாது. சாம்பல் என்று படித்த பிள்ளைக்கு இந்தச் சம்பவம் விளங்காது, தூள் என்று படித்த பிள்ளைக்கு உடனே விளங்கும்.

‘தூள்’ என்ற சொல்லில் எனக்குப் பிடித்ததே அந்த உடைதல்தான். கண்ணாடி தூள் தூளாகப் போயிற்று என்கிறோம். ஆங்கிலப் பெயரின் பிற்பகுதி கிரேக்கத்தில் உடைந்தது என்ற பொருளில் வருவது. தமிழில் அதற்கு நேர்ச்சொல் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது.

> “துகள் என்றால் இன்னும் அறிவியலாக இருக்குமே? அனற்றுகள் பாய்வு.”

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. அனல், துகள் இரண்டும் சேர்ந்தால் அனற்றுகள்தான். ஆனால் பத்து, பதினொரு வயதுப் பிள்ளை அதைப் பிரித்துப் படிக்குமா? காய்ச்சலில் கிடந்து அனற்றுவது நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் ‘கள்’ விகுதி என்று நினைத்து எதன் பன்மை என்று தேடும். சந்தி போடாமல் ‘அனல்துகள்’ என்று எழுதினால் இந்தக் குழுமத்திலேயே நான்கு பேர் திருத்த வருவார்கள். வெம்மையோடு துகளைச் சேர்த்து ‘வெந்துகள்’ ஆக்கிப் பார்த்தேன். அதிலும் ‘வெந்து’ தனியாகக் கண்ணில் படுகிறது. ‘வெந்தூள்’ என்பதில் அந்தத் தடங்கல் இல்லை. வெந்நீர் தினமும் சொல்லும் சொல். வெந்தணல் எழுத்தில் உண்டு. செம்மையும் தமிழும் செந்தமிழ் ஆன மாதிரி வெம்மையும் தூளும் வெந்தூள். பாடம் நடத்துகிறவர் ‘வெந்நீர் மாதிரி வெந்தூள்’ என்று ஒரு வரி சொன்னால் போதும்.

சரி, பாய்வா பாய்ச்சலா? இரண்டும் தகுதியான சொற்கள். நான் பாய்ச்சல் பக்கம் நிற்கிறேன். வயலுக்கு நீர் பாய்ச்சுவதும் பாய்ச்சல், புலி பாய்வதும் பாய்ச்சல். ஓடும் தன்மையும் தாக்கும் வேகமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. லாவாவுக்கு ஓட்டம், வெந்தூளுக்குப் பாய்ச்சல் என்று வைத்தால், எது மெதுவானது, எது வேகமானது என்று பெயரே சொல்லிவிடும்.

கிள்ளான் அக்காவின் கேள்வி மிச்சம் இருக்கிறது.

> “பின்னால் ஆங்கிலத்திலும் மலாயிலும்தானே படிக்கப் போகிறார்கள்? ஆங்கிலப் பெயரையே தமிழில் எழுதிவிடலாமே.”

அக்கா, மேக்மா, லாவா, பசால்ட் எல்லாவற்றையும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம், எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. ஆனால் கடன்சொல் நம் ஊரில் எப்போதும் உதவிக்கு வருவதில்லை. ‘லஹார்’ ஜாவா மொழிச் சொல். உலகம் முழுவதும் எரிமலை ஆய்வாளர்கள் அதை மழைநீரோ உருகிய பனியோ எரிமலைத் தூளோடு கலந்து சேறாக இறங்குவதற்குச் சொல்கிறார்கள். மலேசியச் செய்திகளிலோ லாவாவையே லஹார் என்று எழுதுவது வழக்கம். 1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவின் நெவாதோ தெல் ரூயிசில் வெந்தூள் பனியை உருக்கிச் சேறாகி ஆர்மேரோ நகரத்தை மூடியது. அந்த மலையில் மொத்தம் சுமார் 23,000 பேர் இறந்தார்கள். இதை லஹார் என்று எழுதினால் நம் பிள்ளை லாவா என்று படிப்பான். அதனால் ‘எரிமலைச் சேற்றுவெள்ளம்’ என்று வைத்திருக்கிறேன். நீளம்தான். தவறாக மட்டும் யாரும் படிக்க முடியாது.

இங்கே எரிமலை இல்லையே, இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். மலாக்கா நீரிணையைத் தாண்டினால் சுமத்ரா. பல நூற்றாண்டு அமைதிக்குப் பிறகு 2010-இல் விழித்த சினாபுங், 2014 பிப்ரவரி 1 அன்று தன் சரிவில் இருந்தவர்களை வெந்தூள் பாய்ச்சலில் கொன்றது. அங்கிருந்து வெகுதூரம் இல்லாத தோபா, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்துத் தன் கூரையே உள்ளே சரிந்து 100 கிலோமீட்டர் நீளக் குழியாயிற்று. இன்று ஏரியாக இருப்பது அந்தக் குழிதான். இப்படிப்பட்ட குழிக்கு வழங்கும் கால்டெரா என்ற ஸ்பானியச் சொல்லுக்குப் பொருள் கொப்பரை, அதாவது பெரிய அண்டா என்பதால் ‘எரிமலைக் கொப்பரை’ என்றே எழுதிவிட்டேன், இதற்கு இழை தனியாக வேண்டாம் என்று நினைக்கிறேன்.

தோபாவின் வெந்தூள் பாய்ச்சல் வட சுமத்ராவில் 20,000 சதுர கிலோமீட்டரை மூடியது. அதே வெடிப்பில் மேலே போன தூள் காற்றில் வந்து நம் பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில் விழுந்தது. கோத்தா தம்பானில் ஆதிமனிதர் கல்லாயுதம் செய்த இடத்தின் மேல் அந்தத் தூள் இருப்பதைப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் அகழாய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். 2012-இல் லெங்கோங் உலக மரபுடைமைத் தலமாயிற்று. ஆந்திராவின் ஜுவாலாபுரத்திலும் தோபாத் தூள் கிடைத்திருக்கிறது. ஒரே மலை, ஒரே தூள். பக்கத்தில் பாய்ந்தது, தூரத்தில் பொழிந்தது. ‘வெந்தூள் பாய்ச்சல்’, ‘தூள் பொழிவு’ என்று இரண்டு சொல்லும் இருந்தால் லெங்கோங்கில் நிற்கும் பிள்ளைக்குத் தன் காலடியில் இருப்பது எதுவென்று சொல்லத் தெரியும். இங்கே வந்து சேர்ந்தபோது அது ஆறிப்போன தூள், அதனால் பொழிவில் ‘வெம்’ இல்லை.

இன்னொரு சொல்லும் வேண்டியிருக்கிறது. பாய்ச்சலிலிருந்து பிரிந்து, வாயு அதிகமும் தூள் குறைவுமாக மேட்டையும் தாண்டி அடிப்பது உண்டு. 1991 ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் மலையில் எரிமலை ஆய்வாளர்கள் மோரிஸ், காத்தியா கிராஃப்ட் தம்பதியும் ஹாரி கிளிக்கனும் உட்பட 43 பேர் இறந்தது அப்படிப்பட்ட அடியில். பள்ளத்தாக்கைவிட்டு மேட்டில் நின்றால் போதும் என்ற நம்பிக்கையை உடைப்பது இது. இதற்கு ‘வெந்தூள் வீச்சு’ என்று வைக்கலாம். பாய்ச்சல் பள்ளத்தைத் தேடும், வீச்சு மேட்டையும் தொடும்.

தூள் என்றால் சின்னதுதானே, அதில் வீட்டளவு பாறாங்கல்லும் வருமே என்று யாராவது கேட்கக்கூடும். வரும். ஆனால் அந்தக் கல்லையும் சேர்த்து ஓட வைப்பது நடுவே இருக்கும் பொடியும் வாயுவும்தான். உராய்வைக் குறைப்பது அவை. பெயர் ஓட்டுகிறதற்கு, சுமையாக வருகிறதற்கு இல்லை.

கையேட்டில் இப்போது நிற்கும் வரிகள் இவை:

மெராப்பியின் உச்சியில் இறுகிய லாவா குவிந்து மேடாகும். மேடு சரிந்தால் வெந்தூள் பாய்ச்சல் இறங்கும்.

வெசுவியஸ் 79-ஆம் ஆண்டில் தூள் பொழிவோடு தொடங்கியது. தூண்போல் எழுந்த தூளும் வாயுவும் பின்னர் தம் கனம் தாங்காமல் சரிந்து, வெந்தூள் பாய்ச்சலாக பொம்பெய்யை அடைந்தன.

படிந்து இறுகிய தூளால் ஆன பாறையைத் ‘தூட்பாறை’ என்று எழுதுவதா, ‘தூள்பாறை’ என்று எழுதுவதா? இலக்கணம் முதலாவதைக் கேட்கிறது, பிள்ளைகளின் கண் இரண்டாவதைக் கேட்கிறது. நான் இரண்டாவதையே வைத்து, ஆசிரியர் குறிப்பில் முதலாவதையும் தரலாம் என்று இருக்கிறேன். ஈப்போ ஐயாவும் தம்பியும் இதில் என்ன நினைக்கிறீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை காலையில் கையேட்டை அச்சகத்துக்குக் கொடுக்கிறோம்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து